கிளையை விலக்கிய கை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மை அணுகினார். "சாமி, எம்மவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். விடியுமுன்ன கேமராவத் தூக்கிட்டுக் கம்மாக்கரைக்குப் போயிடுறான். காக்காயும் கொக்கும் படம் எடுத்தா சோறு போடுமா?" என்று கேட்டார்.

அவர் கேள்வி நியாயமானது. பதினோராம் வகுப்பில் படிக்கும் மகனுடைய எதிர்காலத்தைக் குறித்துக் கவலைகொள்ளாத தாய் எவர்? எனினும் உடனே விடையளிக்க நம்மால் இயலவில்லை. அச்சிறுவனை அவ்வழியில் ஊக்குவித்தவர்களுள் நாமும் ஒருவர். அதுமட்டுமன்று, அவ்வழியில் அவன் செய்த முதற்பிழையில் நமக்கும் பங்குண்டு. சொல்லப்போனால் பெரும்பங்கு நம்முடையதே. ஆகவே அத்தாய்க்கு நாம் அளிக்கவேண்டிய விடையை, நம் குடும்பங்கள் அனைத்திற்கும் பயன்படலாம் என்று கருதி, தாய், மகன் இருவருடைய இசைவையும் பெற்று, இம்மாதம் இப்பகுதியில் எழுதுகிறோம்.

செம்பருத்திப் புதரில் ஒரு கூடு

இவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவனுடைய தாய்மாமன் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, தாம் பயன்படுத்திவந்த புகைப்படக் கருவியை அவனுக்குக் கொடுத்துச் சென்றார். தொலைவில் உள்ளதை அருகே இழுத்துக் காட்டும் லென்சு அதில் இல்லை. எதைப் படம் எடுக்க விரும்பினாலும் அதன் அருகே சென்றாக வேண்டும்.

பீடப்பணிக்கு வரும் அச்சிறுவன் ஒருநாள் மாலை மூச்சிரைக்க ஓடிவந்து, "ஃபாதர், நம்ம தோட்டத்துச் செம்பருத்தியில கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கு. மூணு குஞ்சு இருக்கு" என்றான்.

கொண்டைக்குருவியை அறியாதவர் இலர். தலையில் கறுத்த சிறு கொண்டை. புகை படிந்தாற்போன்ற உடல். வாலின் அடியில் குங்குமம் அப்பியது போன்ற சிவப்பு. மனிதர் நடமாடும் தோட்டங்களிலேயே அச்சமின்றிக் கூடு கட்டும் பறவை அது. நாம் சென்று பார்த்தபோது, இடுப்பளவு உயரத்தில், மெல்லிய வேர்களாலும் காய்ந்த புல்லாலும் வனைந்த கிண்ணம் போன்ற கூட்டில், இன்னும் கண் திறவாத மூன்று குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன.

இலைகள் கூட்டை மறைத்திருந்தன. படத்துக்கு அவை இடையூறாக இருந்தன. சிறுவன் தயங்கினான். நாமே இடக்கையால் ஒரு கிளையை விலக்கிப் பிடித்தோம். மற்றொரு சிறு கிளையை ஒடித்து அப்பால் போடும்படியும் சொன்னோம். தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் கிணற்றுச் சுவரின்மேல் அமர்ந்து, அலகில் பூச்சியை வைத்துக்கொண்டே ஓயாமல் கத்தின. அந்தக் கத்தலை நாம் கேட்டோம்; பொருட்படுத்தவில்லை. சற்றே பின்வாங்கி நின்றபோது பசித்த குஞ்சுகளின் குரலுக்கு இரங்கி ஒரு பறவை கூட்டின் விளிம்பில் வந்தமர்ந்தது. குனிந்த ஒரு தலையும் விரிந்த மூன்று வாய்களும் படத்தில் பதிந்தன. "அருமை, தம்பி! இதைப் பெரிதாக அச்சிட்டுக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்" என்று பாராட்டினோம்.

மூன்றாம் நாள் காலை கூடு வெறுமையாக இருந்தது. கிணற்றுச் சுவரின்மேல் ஒரு காகம் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. நமக்கு எழுந்த சினத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தோம். அருகே நின்ற சிறுவன், "காக்கா என்ன பண்ணும், ஃபாதர்? நாமதான் வழிகாட்டிட்டோம்" என்றான்.

அவன் 'நாம்' என்று சொன்னான். 'நீங்கள்' என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கல்லைக் கீழே போட்டோம்.

சில நாட்கள் கழித்துப் பட்டணத்திலிருந்து படம் அச்சாகி வந்தது. மிக அழகிய படம். அதனை அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை. இன்றும் அது நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அந்த இலைகள் எதற்கு?

நம் கண்ணுக்கு இடையூறாகத் தோன்றிய அந்த இலைகள் அப்பறவைகளுக்கு வீட்டுக்கூரையும் சுவரும் கதவுமாக இருந்தன என்பதைப் பின்னர்தான் எண்ணிப்பார்த்தோம். இறகு முளைக்காத குஞ்சு தன் உடலின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. நண்பகல் வெயில் நேரே பட்டால் சில நாழிகையிலேயே அது துவண்டுவிடும். இலை கொடுத்த நிழலை நாம் ஒடித்தோம். நாம் அருகே நிற்கும்வரை பெற்ற பறவைகள் இரையோடு காத்திருந்தன. அந்த நேரமெல்லாம் குஞ்சுகள் பட்டினி. பறவைகள் பதறிக் கத்திய கத்தல், பகைவனுக்கும் கேட்கும் கத்தலாயிற்று. மனிதர் ஒரு புதரையே சுற்றிச்சுற்றி வருவதைக் காகம் கூர்ந்து கவனிக்கும். பூனைக்கும் கீரிக்கும் நாம் மிதித்த புல்லே ஒற்றையடிப் பாதையாகும்.

பின்னர் ஒரு வழக்கறிஞ நண்பர் வாயிலாக அறிந்த செய்தி நம்மை மேலும் வெட்கமுறச் செய்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 'வேட்டை' என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ குலைப்பதையும் சேர்த்தே கூறுகிறது. வேட்டைக்காரன் என்றால் துப்பாக்கி ஏந்தியவன் என்றே இதுநாள்வரை எண்ணியிருந்தோம். ஒரு செம்பருத்திக் கிளையை விலக்கிப் பிடித்த கையும் அவ்வரிசையில் நிற்கக்கூடும் என்று எண்ணிப்பார்த்ததில்லை.

முன்னோர் சென்ற வழி

பிழை செய்தவன் அத்தொழிலையே வெறுத்து ஒதுக்குவது எளிது. ஆனால் அது சரியான பரிகாரமாகாது. ஆகவே இத்துறையில் முன்சென்றோர் எவ்வாறு நடந்தனர் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தவற்றைச் சிறுவனுக்கும் சொன்னோம்.

இங்கிலாந்து நாட்டில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறப்புகள் 1892ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக்கூட்டைப் படம் எடுத்தனர். 1895இல் அந்நாட்டுப் பறவைகளின் கூடுகளைப் பற்றி முழுவதும் புகைப்படங்களோடு ஒரு நூலை வெளியிட்டனர். அக்காலத்துக் கருவி பெரிய பெட்டி. கண்ணாடித் தகட்டில் படம் பதியும். ஒரு நொடியில் நூறு படம் எடுத்து, வேண்டாதவற்றை அழிக்கும் இக்கால வசதி அவர்களுக்கு இல்லை. பறவை அஞ்சாதிருக்க வேண்டுமானால் மனிதன் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று கண்டுகொண்ட அவர்கள், மரச்சட்டத்தின்மேல் மாட்டுத்தோலைப் போர்த்துப் பொய்மாடு ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் ஒருவர் புகுந்துகொண்டு படம் எடுத்தார்களாம்! கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் நாம் செய்ததோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். நாமோ பறவையின் மறைவைக் கலைத்தோம். அவர்கள் தங்களுக்கு மறைவு தேடினார்கள்.

அதே நாட்டின் எரிக் ஹாஸ்கிங் என்னும் புகழ்பெற்ற பறவைப் புகைப்படக் கலைஞர் 1937இல், இருட்டில் ஆந்தைக் கூட்டருகே தாம் அமைத்திருந்த மறைவிடத்துக்கு ஏறியபோது, ஆந்தை அவர் முகத்தில் பாய்ந்து நகத்தால் கிழித்தது. ஒரு கண்ணை இழந்தார். அவ்வாறு இழந்தும் தம் வாழ்நாள் முழுவதும் பறவைகளை நேசித்தே படம் எடுத்துவந்தார். குஞ்சுகளைக் காக்கும் பறவைக்கு நாம் எத்தகையவராகத் தோன்றுகிறோம் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்துகிறது. ஆந்தைக்குக் கூரிய நகம் இருந்தது. நம் கொண்டைக்குருவிக்கோ குரல் ஒன்றுதான் இருந்தது.

நம் தமிழகத்துக்கு வருவோம். 'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவலை எழுதிய அ. மாதவையாவை இலக்கியம் படித்தோர் அறிவர். அவருடைய மகனாகிய மா. கிருஷ்ணன் (1912–1996) நாடறிந்த இயற்கை ஆய்வாளர். கறுப்பு வெள்ளைப் படங்களில் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர். கல்கத்தாவிலிருந்து வெளியான 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் தாம் மறையும்வரை தொடர்ந்து இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். யானையையும் காட்டெருதையும் பற்றி எழுதிய அதே ஈடுபாட்டோடு, வீட்டு முற்றத்து அணிலையும் காகத்தையும் பற்றியும் எழுதினார். அரிய பறவை எங்கோ தொலைவில் இருக்கிறது என்று அலையவேண்டுவதில்லை. அன்றாடம் காண்பதையே நாம் அரிதாகத்தான் காண்கிறோம் என்பதை அவர் வாழ்விலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

நாற்பது பக்க நோட்டு

கூடு வெறுமையான பின் பத்து நாட்கள் சிறுவன் புகைப்படக் கருவியைத் தொடவில்லை. மாலையில் வந்து பங்கு இல்லத் திண்ணையில் சும்மா அமர்ந்திருப்பான். ஒருநாள் அவன் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, பக்கத்தை நான்கு கட்டமாகக் கோடிடச் சொன்னோம். நாள், நேரம், பறவை, அது செய்தது என்ன என்பன நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம் மட்டும் மற்ற மூன்றையும்விட அகலமாக இருக்கவேண்டும் என்றோம். "படம் வேண்டாம். முதலில் பார். பார்த்ததை எழுது" என்றோம். அறிவுரை அவனுக்குச் சொன்னதுதான். ஆயினும் நாமும் உடன் அமர்ந்து பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் எழுதப்பட்டவை தவிட்டுக்குருவிகள். ஏழெட்டுச் சேர்ந்தே திரிவதால் அவற்றை ஏழு சகோதரிகள் என்றும் அழைப்பார்கள். சருகைக் கிளறிக்கொண்டு ஓயாமல் சச்சரவிடும் கூட்டம் என்றே நாம் எண்ணியிருந்தோம். நான்கு நாள் பார்த்தபின் அவன் எழுதினான்: "ஒன்று மட்டும் கீழே இறங்கவில்லை, சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறது." அது காவல். வல்லூறு ஒன்று தலைக்குமேல் வட்டமிட்டபோது அக்காவற்பறவை குரல் கொடுத்தது. மறுகணம் முற்றத்தில் ஒரு குருவியும் இல்லை. சற்று நேரங்கழித்துக் காவல் மாறியது. இதுவரை காத்தது இறங்கி இரை தேடிற்று. இக்குருவிகளில் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதும் பெற்றவற்றின் வேலை மட்டுமன்று. கூட்டத்தின் மற்றப் பறவைகளும் ஊட்டும் என்று ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர்.

அடுத்தது கரிச்சான். மேயும் மாட்டின் முதுகில் அமர்ந்து, கால்பட்டு எழும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும் இரட்டைவால் குருவி அது. காகத்தைவிடச் சிறியது, ஆனால் தன் கூடிருக்கும் மரத்தருகே காகம் வந்தாலும் பருந்து வந்தாலும் முதுகில் கொத்தித் துரத்தும். அது குடியிருக்கும் மரத்தில் எளிய பறவைகள் சிலவும் தேடிவந்து கூடு கட்டுவதுண்டு. நம் வேப்பமரத்தில் கரிச்சானுக்குக் கீழ்க்கிளையில் ஒரு மணிப்புறா கூடு கட்டியதைச் சிறுவன் குறித்துவைத்தான். அருகே செல்லாமலே குறித்தான்.

கண்மாய்க் கரையில் குருட்டுக்கொக்கு. சேற்றின் நிறத்தில் அசையாது நிற்பதைக் கண்டு கண் தெரியாதது என்று நம் முன்னோர் பெயரிட்டனர் போலும். ஒரு சிறு மீனுக்காக அது இருபத்து மூன்று நிமிடம் காத்திருந்ததை அவன் கணக்கெடுத்தான். பறந்தெழுந்தபோது, சேற்றுநிறக் கொக்கு முழுவெள்ளைக் கொக்காயிற்று. மடக்கியிருந்த வெண்சிறகுகள் விரிந்ததே அம்மாற்றத்துக்குக் காரணம்.

பின்னர் ஒருநாள் கண்மாய் உள்வாயில் நடந்தபோது ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்குமேல் சுற்றிச்சுற்றிக் கத்தியது. இப்பறவைக்குக் கூடு என்று ஒன்றில்லை. வெட்டவெளித் தரையில், கூழாங்கற்களிடையே, கல்லின் நிறத்திலேயே வழக்கமாக நான்கு முட்டையிடும். கடுங்கோடையில் தன் வயிற்றிறகை நீரில் நனைத்துவந்து முட்டைமேல் அமர்ந்து குளிர்விக்கும். முட்டை எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்க அவனுக்கு ஆசை இருந்திருக்கும். ஆனால் நோட்டில் அன்று எழுதியிருந்தது இவ்வளவே: "ஆள்காட்டி கத்தியது. வந்த வழியே திரும்பிவிட்டேன்."

அந்த வரியைப் படித்தபோது, இனி அவன் கையில் கருவி இருக்கலாம் என்று நமக்குத் தோன்றிற்று.

வேலையிழந்த ஒருவர் கண்டறிந்தது

'பார்த்துக்கொண்டே இருப்பதால் என்ன பயன்?' என்று கேட்போருக்கு ஒரு வரலாறு சொல்லலாம். இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படும் சாலிம் அலி (1896–1987), செருமனியில் பயிற்சி பெற்று 1930இல் நாடு திரும்பியபோது, தாம் முன்பு பார்த்த வேலை பணப்பற்றாக்குறையால் நீக்கப்பட்டிருக்கக் கண்டார். வேலையில்லாத நிலையில் பம்பாய்க்கு அப்பால் கீகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கினார். அங்கே மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் அவற்றை உற்றுநோக்கினார்.

தூக்கணாங்குருவியின் தொங்கும் கூட்டை அதற்கு முன்பும் எத்தனையோ கோடி மக்கள் கண்டிருப்பார்கள். ஆனால் அக்கூட்டின் குடும்பக் கதையை அவர் கண்டார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவு கட்டி நிறுத்துகிறது. பெண்குருவி வந்து உள்ளே புகுந்து பார்வையிடுகிறது. அதற்குப் பிடித்தால்தான் ஆண் மீதிக்கூட்டையும் குழாய்போன்ற வாயிலையும் கட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு துணையைத் தேடுகிறது. இக்கண்டுபிடிப்பே அவரை உலகப் பறவையியலாளரிடையே அறிமுகம் செய்தது. 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றுவரை பல பதிப்புகள் கண்டுள்ளது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். பறவைகள்பால் அவர் கவனம் திரும்பியதே ஒரு கொலையிலிருந்துதான். சிறுவயதில் காற்றுத்துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்த அது என்ன குருவி என்றறிய, அதனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்றார். அங்கே தொடங்கியது அவர் வாழ்க்கைப் பாதை. 1985இல் வெளியான தம் தன்வரலாற்றுக்கும் அக்குருவியின் வீழ்ச்சியையே தலைப்பாக்கினார். வெறுமையான கூட்டை எண்ணி வருந்திக்கொண்டிருந்த நம் சிறுவனுக்கு இதனைச் சொன்னபோது, அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

அறிவிப்புப் பலகையில் ஏறிய படம்

சூன் மாதத்தில் ஒருநாள் அவன் ஒரு படத்தைக் கொண்டுவந்தான். திண்ணையில் பழைய சாக்கைத் திரையாகக் கட்டி, அதன் பின்னே அமர்ந்து எடுத்தது. முருங்கைக் கிளையில் ஒரு காகம். அதனெதிரே இறகு முளைத்துக் கூட்டைவிட்டு வெளியேறிய ஓர் இளம்பறவை, வாயை அகலத் திறந்து நிற்கிறது. காகத்தின் ஒரு சிறகு படத்தில் வெட்டுண்டிருந்தது, வெளிச்சமும் போதவில்லை. ஆயினும் இளம்பறவையின் இறகில் வெண்புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. அது காகக்குஞ்சு அன்று, குயில்.

இப்படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஞாயிறு திருப்பலிக்குப்பின் கூட்டம் கூடிவிட்டது. "அட, காக்கா குயிலுக்குல்ல ஊட்டுது!" என்று ஒரு பாட்டி வியந்தார். காகக் கூட்டில் குயில் முட்டையிடும் என்பது நாமனைவரும் பள்ளியில் படித்ததே. கண்ணால் கண்டவர் எத்தனை பேர்?

அன்று அங்கே நிகழ்ந்த உரையாடலில் குயிலை ஏமாற்றுக்காரி என்று சிலர் ஏசினர். காகத்தைப் புண்ணியவதி என்று சிலர் புகழ்ந்தனர். பாடும் குயில் ஆண் என்பதும், முட்டையிடும் பெண்குயில் பழுப்பு நிறத்தில் புள்ளிகளோடு இருக்கும் என்பதும் பலருக்குப் புதிய செய்தி. வேறுசில குயிலினங்களின் குஞ்சைப்போல் நம் குயிலின் குஞ்சு, வளர்ப்புத்தாயின் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து வெளியே தள்ளுவதில்லை. இரண்டும் ஒரே கூட்டில் வளர்வதும் உண்டு என்பதையும் எடுத்துச் சொன்னோம்.

நமக்கோ வேறொன்று தோன்றிற்று. கொண்டைக்குருவியின் குஞ்சுகளைத் தின்றதும் ஒரு காகம். குயிற்குஞ்சுக்கு ஊட்டியதும் ஒரு காகம். ஒருவேளை இரண்டும் ஒரே காகமாகவும் இருக்கலாம். முன்னதற்காகக் கல்லெடுத்தோம், பின்னதற்காகக் கைதட்டினோம். காகமோ நம் சினத்தையும் அறியாது, நம் பாராட்டையும் அறியாது. பாவம், புண்ணியம் என்னும் கணக்கு மனிதனுக்கு உரியது. ஏனெனில் கிளையை விலக்கலாமா வேண்டாமா என்று எண்ணிப்பார்க்கும் ஆற்றல் அவனுக்கே உண்டு. அந்தக் கணக்கைப் பறவைகள்மேல் ஏற்றிவிட்டு, நாம் தப்பித்துக்கொள்ளலாகாது.

நம் இல்லங்களுக்குச் சில சொற்கள்

இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. கைப்பேசி உள்ள வீட்டில் புகைப்படக் கருவியும் இருக்கிறது. ஆகவே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைப் படம் எடுக்கவேண்டாம். தற்செயலாகக் கண்டால் கண்டவாறே விலகிச் செல்லுங்கள். நம் நாட்டில் நடைபெறும் இயற்கைப் புகைப்படப் போட்டிகள் பலவற்றில் கூட்டுப் படங்களை இப்போது ஏற்பதில்லை.

பறவை கத்தத் தொடங்கினாலோ, இரையை அலகில் வைத்துக்கொண்டே கூட்டுக்குச் செல்லாமல் காத்திருந்தாலோ, நாம் மிக அருகில் நிற்கிறோம் என்பது பொருள். பின்வாங்குங்கள்.

இரவுப் பறவைகளின் கண்ணில் பிளாஷ் ஒளியைப் பாய்ச்சாதீர்கள். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதனை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் பகைவன் நுழைந்துவிட்டான் என்று எண்ணி அது இரையையும் ஓய்வையும் விட்டுப் போராட வரும்.

பறக்கட்டும் என்று கல்லெறிந்து படம் எடுக்காதீர்கள். பறவை தானே பறக்கும், காத்திருங்கள். பகட்டில்லாத நிறத்தில் ஆடை அணிந்து, இளங்காலை வெயிலில், சூரியனை முதுகுக்குப்பின் வைத்து, தரையோடு தாழ அமர்ந்திருந்தால் பல பறவைகள் தாமே நம்மை நோக்கி வரும். படத்தில் பறவையின் கண் தெளிவாக விழுந்தால் போதும். மற்றவை தாமே அமையும்.

விலையுயர்ந்த லென்சுக்காகக் கடன் வாங்காதீர்கள். பழைய பைனாகுலர் ஒன்றும் ஒரு நோட்டும் இருந்தால் ஆண்டு முழுவதும் கற்கலாம். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகமெங்கும் ஆர்வலர்கள் தத்தம் ஊர்ப் பறவைகளைக் கணக்கெடுத்துப் பதிவுசெய்து வருகிறார்கள். குடும்பத்தோடு பதினைந்து நிமிடம் அமர்ந்து எண்ணி நீங்களும் அதில் சேரலாம்.

இவையெல்லாம் படித்தவருக்கு மட்டுமே உரியவை என்று எண்ணவேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் காப்பகத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடுகட்டும் பறவைகள் அஞ்சுமே என்று, தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காமல் பல்லாண்டுகளாக வாழ்ந்துவருகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மத்தாப்பும் வெடியும் வேண்டும் என்ற ஆசை இல்லாமலா இருக்கும்?

அத்தாய்க்கு நம் விடை

'சோறு போடுமா?' என்று அத்தாய் கேட்டார். பொய் சொல்ல நமக்கு மனமில்லை. பறவைகளைப் படம் எடுத்துப் பிழைப்போர் மிகச் சிலரே. ஆகவே காலையில் ஒரு மணி நேரம், அதற்குமேல் பள்ளிப்பாடம் என்று சிறுவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். அவனும் இசைந்திருக்கிறான்.

ஆனால் அத்தாய்க்கு இதனையும் சொன்னோம். உம் மகன் எவரும் எழுப்பாமலே விடியுமுன் எழுகிறான். ஒரு கொக்கோடு இருபத்து மூன்று நிமிடம் அசையாமல் இருக்கக் கற்றிருக்கிறான். தன் ஆசைக்கும் ஒரு சிற்றுயிரின் அச்சத்துக்கும் இடையே நின்றபோது, வந்த வழியே திரும்பியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, பழியைக் காகத்தின் தலையில் போடாமல், பெரியவராகிய நம் தலையிலும் போடாமல், 'நாம்' என்று சொல்லத் தெரிந்திருக்கிறான். இவை எந்தத் தேர்விலும் மதிப்பெண் பெறா. எனினும், நாளை இவனை நம்பி ஒரு குடும்பம் வாழும்போது, இவையே அதற்குக் கைகொடுக்கும்.

அத்தாய் சற்று நேரம் எண்ணிப்பார்த்து, "சரி சாமி. ஆனா பரீட்ச வந்தா கேமரா எம் பெட்டிக்குள்ளதான்" என்றார். அத்தீர்ப்பு நமக்கும் சரியாகவே பட்டது.

வானத்துப் பறவைகளை உற்றுநோக்கும்படி ஆண்டவர் தம் சீடருக்குச் சொன்னதைப் பலமுறை வாசித்திருக்கிறோம்; மறையுரையும் ஆற்றியிருக்கிறோம். நோக்கச் சொன்னாரேயன்றி நெருங்கிப் பற்றச் சொல்லவில்லை என்பது இவ்வாண்டுதான் நமக்கு விளங்கிற்று.

ஒடித்த இடத்தில் செம்பருத்தி இப்போது தழைத்துவிட்டது. வரும் மார்ச்சில் கொண்டைக்குருவி மீண்டும் அங்கே வருமோ வாராதோ, அறியோம். வந்தால் திண்ணையிலிருந்தே பார்ப்போம். இலைகள் மறைத்தால் மறைக்கட்டும்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.